அந்தா... அங்க பாரு!

"இது சீட்டிங் தானே?"

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்த சித்தி பையன், என் தட்டுல இருந்த வாழைக்கா பஜ்ஜியை எடுத்துத் தின்னுகிட்டே, என் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. (மைனஸ் நாலு பவர் கண்ணாடி வழியாப் பார்த்துத்தான் கேட்டான். அதைச் சொல்லிக் காட்டலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சித்தி பக்கத்துல இருந்ததால விட்டுட்டேன்.)

அன்னிக்கு விட்டுட்டேன். இங்க விடப்போறதில்ல. மூணு மாசம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு செஞ்ச வேலைங்க இது. ஒரு பஜ்ஜி நேரத்துல தீர்ப்பு சொல்லிட்டுப் போறான்.

சரி, முதல்ல இருந்து சொல்றேன்.

என் தம்பிக்கு நிறக்குருடு. சிவப்பு-பச்சை வகை. உடனே "அப்போ அவனுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாத் தெரியுமா?"ன்னு கேட்காதீங்க. எல்லாரும் அதான் கேட்பாங்க. அடுத்ததா அவங்க சட்டையைப் பிடிச்சுக் காட்டி "இது என்ன கலர் சொல்லு?"ம்பாங்க. அவனுக்கு இருபத்தாறு வயசாகுது, இன்னும் இந்தப் பரீட்சை முடியல. நீலம், மஞ்சள் எல்லாம் அவனுக்கு நல்லாவே தெரியும். சிவப்பும் பச்சையும் கலந்து வர்ற இடத்துல மட்டும் ரெண்டும் ஒரே மாதிரி மங்கிப் போயிடும்.

இது எங்க குடும்பச் சொத்து. அம்மாவோட அப்பாவுக்கு இருந்துச்சு. இதுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல உட்கார்ந்திருக்கு. தாத்தாகிட்ட இருந்து அம்மாவுக்கு வந்து, அம்மாவை ஒண்ணும் பண்ணாம, நேரா தம்பிகிட்ட போய் இறங்கிடுச்சு. தாத்தா கொல்லையில மிளகாய்ச் செடி வச்சிருந்தாரு. பழுத்ததை மட்டும் பறிக்கணும்னா கண்ணால பார்க்கமாட்டாரு, விரலால தடவித் தடவிப் பார்ப்பாரு. பழுத்தது கொஞ்சம் தொளதொளன்னு இருக்குமாம். நான் சின்னப் புள்ளையா பக்கத்துல நின்னு "தாத்தா, அந்தா... அங்க பாரு, சிவப்பு!"ன்னு கத்துவேன். ஒரு பழத்துக்கு ஒரு கடலைமிட்டாய்.

இந்த மிளகாய்க் கதையை ஞாபகம் வச்சுக்கோங்க.

தம்பி விளையாடுற கேம் பேரு ஸ்டார்டியூ வேலி. சண்டை, துப்பாக்கின்னு போட்டு உயிரை வாங்காத கேம். தாத்தாவோட பாழடைஞ்ச தோட்டம் உங்க கைக்கு வருது, அதைச் சீர்பண்ணி விவசாயம் பண்ணணும். (தாத்தா தோட்டம்! அதனாலதான் அவனுக்குப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்றேன். அவன் ஒத்துக்க மாட்டான்.) எரிக் பரோன்னு ஒரே ஒரு ஆள், படம், இசை, கதை, கோட் எல்லாத்தையும் தானே வருஷக்கணக்கா உட்கார்ந்து செஞ்சு 2016-ல வெளியிட்டாரு. ஒரு கம்பெனி செய்யற வேலை.

அதுல வசந்தகாலம் 15-ம் தேதில இருந்து 18-ம் தேதி வரைக்கும் புதர்கள்ல சால்மன்பெர்ரின்னு ஒரு பழம் காய்க்கும். பச்சைப் புதர். அதுல இளஞ்சிவப்புப் புள்ளிங்க. புரிஞ்சிருக்குமே?

தம்பிக்கு அந்த நாலு நாளும் எல்லாப் புதரும் வெறும் புதர். அந்த கேம்ல ஒரு நாள்ங்கறது நம்ம நேரத்துல சுமார் 14 நிமிஷம். இவன் ஒவ்வொரு புதர்கிட்டயும் போய் நின்னு கிளிக் பண்ணிப் பார்ப்பான். ஒண்ணும் விழாது. அடுத்த புதர். தாத்தா விரலால தடவுன மாதிரியே இவன் மவுசால தடவிக்கிட்டு இருந்தான்.

நான் பின்னாடி நின்னு காபி குடிச்சுக்கிட்டு, "டேய், அந்தா, மேல, கோயிலுக்குப் பக்கத்துல"ன்னேன். (அது கோயில் இல்ல, ஏதோ சமுதாயக்கூடம்.)

"நீ எந்நேரமும் பின்னாடி நிப்பியா?"ன்னான்.

அங்க ஆரம்பிச்சது.

ஆபீஸ்ல எனக்கு டெஸ்டிங் வேலை. நியூரல் நெட்வொர்க் பத்தி யூடியூப்ல பார்த்ததுதான். படத்துல என்ன பொருள் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க 'யோலோ'ன்னு ஒரு முறை இருக்குன்னு தெரியும். ஜோசப் ரெட்மனும் அவர்கூட இருந்தவங்களும் 2015-ல கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த முறைகள்ல, படத்துல இங்க ஏதாவது இருக்குமோ, அங்க இருக்குமோன்னு நூத்துக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாப் பார்க்கும். இது முழுப் படத்தையும் ஒரே தடவை பார்த்துட்டு, "இங்க ஒரு நாய், அங்க ஒரு சைக்கிள்"னு பெட்டி போட்டுக் குடுத்துடும். அதனால ஓடுற வீடியோவுலயும் வேலை செய்யும். பேரே 'ஒரு தடவைதான் பார்ப்பே'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வச்சாங்க. (ரெட்மன் 2020-ல, இதை ராணுவமும் கண்காணிப்பும் எடுத்துக்கிட்டுப் போறதைப் பார்த்து, இந்த ஆராய்ச்சியே வேண்டாம்னு விலகிட்டாரு. நான் அதை வச்சுப் பழம் தேடுறேன்.)

நான் எடுத்தது 2023-ல வந்த எட்டாம் பதிப்புல இருக்கறதுலயே பொடி மாடல். சுமார் 32 லட்சம் எண்கள்தான். இந்த உலகத்துல அது எறும்பு சைஸ்.

முதல் நாள் ஒண்ணும் சொல்லிக் குடுக்காம, அப்படியே கேம் மேல ஓட விட்டேன். அது ஏற்கெனவே 80 வகைப் பொருள் படிச்சிட்டு வந்திருக்கு. மனுஷன், கார், மாடு, பட்டம், ப்ராக்கோலி...

எங்க தோட்டத்துல இருந்த அத்தனை மரத்தையும் ப்ராக்கோலின்னுச்சு.

தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். "ஒருவகையில கரெக்ட்தான்கா"ன்னான். அதுக்கப்புறம் எங்க வீட்டுல மரம் வெட்டப் போறதுக்குப் பேரு 'ப்ராக்கோலி நறுக்கறது'.

அப்போ நம்மதான் சொல்லிக் குடுக்கணும். என்னோட லேப்டாப்ல நானே புதுசா ஒரு தோட்டம் ஆரம்பிச்சு, வசந்தகாலம் 15-ம் தேதி வரைக்கும் விளையாடி (அலுவலக நேரத்துல இல்ல, சத்தியமா), செகண்டுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழம் இருக்கற ஒவ்வொரு புதரையும் சுத்தி மவுசால பெட்டி போட்டேன். 412 படம். இந்த வேலையைப் பத்தி யாரும் சரியாச் சொல்றதில்ல. ஏஐ, ஏஐன்னு மேடையில பேசறாங்களே, அதுக்கு அடியில யாரோ ஒருத்தர் ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி. பாட்டு கேட்டுக்கிட்டே செய்யலாம், அது ஒண்ணுதான் ஆறுதல்.

என் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால கூகுள் கோலாப்ல இலவசமாக் கிடைக்கற ஜிபியுவுல பயிற்சி. ஒரு மணி நேரம் கூட ஆகல. மார்க் பார்த்தா நூத்துக்கு 98.

98! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா, "எதுல 98?"ன்னாங்க. "பழம் கண்டுபிடிக்கறதுல"ன்னேன். ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

அடுத்த நாள் தம்பியோட கேம்ல ஓட விட்டேன்.

அவன் எங்க நடந்தாலும், அவன் தலை மேலேயே பெட்டி போட்டுச்சு.

நடந்தா பழம். நின்னா பழம். வீட்டுக்குள்ள கட்டில்ல படுத்தாலும் பழம்.

அரை மணி நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டு அப்புறம்தான் கவனிச்சேன். அவனோட பாத்திரத்துக்குத் தலைமுடி இளஞ்சிவப்பு. என் பாத்திரத்துக்குக் கறுப்பு முடி. நான் குடுத்த 412 படத்துலயும் இளஞ்சிவப்பா இருந்தது பழம் மட்டும்தான். அது பாவம், "பச்சைக்கு நடுவுல இளஞ்சிவப்பா? பழம்!"னு கத்துக்கிச்சு. அது மேல என்ன தப்பு?

"ஏன்டா பிங்க் முடி வச்சிருக்கே?"ன்னேன்.

"பிங்கா? சாம்பல் கலர்ல வச்சிருக்கேன்."

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசல. ரெண்டு வருஷமா அந்தப் பாத்திரத்தோட சுத்திக்கிட்டு இருக்கான். கொஞ்சம் நரைச்ச, அனுபவசாலி விவசாயின்னு மனசுல வச்சிருக்கான். (மாத்தலை. "அவன் சாம்பல்தான்"னுட்டான்.)

இன்னொரு முட்டாள்தனமும் அன்னிக்குத்தான் பிடிபட்டுச்சு. அந்த 98 மார்க் பொய். செகண்டுக்கு ஒரு படம் எடுத்தேன்ல? அடுத்தடுத்த படங்கள் கிட்டத்தட்ட ஒரே படம். அதைக் கலைச்சுப் போட்டு, பாதிக்கு மேல படிக்கக் குடுத்து, மிச்சத்துல பரீட்சை வச்சா? கைடுல இருக்கற கேள்வியே பரீட்சையில வந்த மாதிரி. சாயங்காலம் ஆனதும் கேம்ல திரை முழுக்க நிறம் மங்கும், மழை வந்தா இன்னொரு மாதிரி. ரெண்டுலயும் என் மாடல் கண்ணைக் கட்டிக்கிச்சு. மறுபடியும் ஆரம்பத்துல இருந்து. இந்தத் தடவை ஒரு நாள் எடுத்த படம் படிக்க மட்டும், இன்னொரு நாள் எடுத்தது பரீட்சைக்கு மட்டும். பழமே இல்லாத புதரு, பிங்க் முடி, பூ, கோழி எல்லாத்தையும் "இது பழம் இல்ல"ன்னு சொல்ற மாதிரி சேர்த்தேன். மார்க் 81 வந்துச்சு. அது நிஜமான 81. யாரையும் கூப்பிட்டுக் காட்டல.

அப்புறம் வட்டம் போடற பிரச்சனை. பழம் இருக்கற இடத்துல திரையில வெள்ளை வட்டம் வரைஞ்சேன். புரோகிராம் திரையைப் படம் பிடிக்குது, பழத்தைப் பார்க்குது, வட்டம் போடுது. அடுத்த படத்துல அந்த வட்டமும் சேர்ந்து விழுது. வட்டத்துக்குள்ள இருக்கறது என்னன்னு அதுக்கே சந்தேகம் வந்து, வட்டத்தை எடுத்துடுது. எடுத்ததும் பழம் தெரியுது. மறுபடி வட்டம். திரையில வட்டம் வந்து வந்து போகுது, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி. (விண்டோஸ்ல ஒரு ஜன்னலை மட்டும் படப்பிடிப்புல விழாம மறைக்க வழி இருக்காம். தெரிஞ்சது ரொம்ப லேட்டா.)

கடுப்புல, வட்டமே வேண்டாம், சத்தம் போடட்டும்னு மாத்தினேன். பழம் இடது பக்கம் இருந்தா ஹெட்போன்ல இடது காதுல பீப், வலது பக்கம்னா வலது காது. வேலை செஞ்சுச்சு! ஆனா தம்பி பத்தே நிமிஷத்துல ஹெட்போனைக் கழட்டிட்டான். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்குக்கா."

அப்போதான் அந்த யோசனை. அடுப்படிக்குப் போயி போனை நீட்டி, "அம்மா, 'அந்தா, அங்க பாரு'ன்னு சொல்லுங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"சொல்லுங்கம்மா."

"எங்கடி பார்க்கறது?"

அஞ்சாவது டேக்ல கிடைச்சுது. பின்னாடி குக்கர் விசில் லேசாக் கேட்கும், அதை வெட்டல.

இப்போ தம்பி தோட்டத்துல நடந்தா, இடது காதுல அம்மா, "அந்தா... அங்க பாரு." திரும்பினா, வலது காதுல அம்மா. அவன் முதல் புதர்ல கிளிக் பண்ணி, பழம் தரையில பொத்துன்னு விழுந்தப்போ திரும்பி என்னைப் பார்த்தான் பாருங்க. கடலைமிட்டாய் கேட்டிருக்கணும், தோணல.

இங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா?

அந்த கேம்ல மீன் பிடிக்கறது ஒரு கண்டம். ஒரு நெட்டுக்குத்தான பட்டைக்குள்ள மீன் மேலயும் கீழயும் துள்ளும். நீங்க பட்டனை அழுத்தி, விட்டு, அழுத்தி, ஒரு பச்சைக் கட்டத்தை அந்த மீன் மேலயே நிறுத்தி வைக்கணும். பழத்தைக் கத்துக்கிட்ட மாடல் மீனைக் கத்துக்காதா? படத்தை முழுசாப் பார்க்காம அந்தப் பட்டையை மட்டும் வெட்டிக் குடுத்தேன். செகண்டுக்கு 9 படம் பார்த்துக்கிட்டு இருந்தது 40 பார்க்க ஆரம்பிச்சுது. மீன் கட்டத்துக்கு மேல இருந்தா பட்டனை அழுத்து, கீழ இருந்தா விடு. அவ்வளவுதான் கோட்.

ஒரு நாள் அவன் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து ஓட விட்டேன். தோசை முடிச்சு கை கழுவி வர்றதுக்குள்ள 17 மீன்.

"பாருடா!"ன்னேன்.

பார்த்தான். பெட்டியில இருந்த மீனை எல்லாம் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் கேமை மூடிட்டான்.

அந்த கேம்ல ராத்திரி தூங்கப் போனாத்தான் அன்னிக்கு நடந்தது சேமிக்கும். தூங்காம மூடினா, அந்த நாளே நடக்கல. 17 மீனும் காலி.

"நீயே விளையாடிக்கோ அப்போ"ன்னான்.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு முதல்ல. உனக்காகத்தானே செஞ்சேன்? அன்னிக்கு ராத்திரி பூரா பேசல. மறுநாள் பஸ்ல போகும்போது தாத்தா ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவை அவசரப்பட்டு நானே அத்தனை பழமிளகாயையும் பறிச்சு முறத்துல கொண்டு போய்க் குடுத்தேன். தாத்தா வாங்கி வச்சுக்கிட்டாரு. மிட்டாய் தரல. எட்டு வயசுல அது எனக்குப் பெரிய அநியாயமாத் தெரிஞ்சுது.

மீன் புரோகிராமை அழிச்சுட்டேன்.

இப்போ சித்தி பையன் கேள்விக்கு வர்றேன். சீட்டிங்கா?

சீட்டிங்குக்கு இதே டெக்னாலஜி நல்லாவே ஓடுது, அதை மறைக்கல. துப்பாக்கி கேம்ல எதிரி எங்க இருக்கான்னு படத்துலயே கண்டுபிடிச்சு, தானே குறிவச்சு சுடற புரோகிராம் ஒண்ணு 2021-ல விளம்பரம் ஆச்சு. கேமுக்குள்ள கை வைக்காது. திரையை வெளியில இருந்து பார்க்கும், அதனால பிடிக்கறதும் கஷ்டம். கால் ஆஃப் டியூட்டி வெளியிடற ஆக்டிவிஷன் தலையிட்டதும் செஞ்சவர் நிறுத்திட்டாரு. 2024 ஜனவரியில லாஸ் வேகஸ் கண்காட்சியில எம்எஸ்ஐ கம்பெனி ஒரு மானிட்டரே கொண்டு வந்துச்சு. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்ல ஓரமா இருக்கற குட்டி மேப்பை மானிட்டருக்குள்ள இருக்கற சிப்பே பார்த்து, எந்தப் பக்கத்துல இருந்து எதிரி வர்றான்னு காட்டும். மானிட்டர்! நம்ம வீட்டு டிவி, "வில்லன் கதவுக்குப் பின்னாடி இருக்கான்"னு ஹீரோகிட்ட போட்டுக் குடுக்கற மாதிரி.

அங்க எதிர்ப்பக்கம் இன்னொரு மனுஷன் உட்கார்ந்திருக்கான்யா. அவன்கிட்ட அந்த மானிட்டர் இல்ல. எங்க தம்பி தோட்டத்துல எதிர்ப்பக்கம் யாரு இருக்கா? கோழி.

இன்னொண்ணு, இதெல்லாம் நான் செய்ய வேண்டிய வேலையே இல்ல. கேம் செய்யறவங்க செஞ்சிருக்கணும். 2020-ல வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துல இந்த மாதிரி வசதிங்க மட்டும் 60-க்கு மேல. பின்னணியை எல்லாம் சாம்பலாக்கிட்டு, எதிரி ஒரு நிறம், நம்மாளு ஒரு நிறம்னு பளிச்சுனு காட்டற வசதி கூட இருக்கு. அப்படி ஒரு பட்டன் இருந்தா என் 412 படமும் எதுக்கு?

(ஆபீஸ்ல ஒருத்தர் இதைக் கேட்டுட்டு, "அந்த கேமுக்குள்ள 'மாட்'னு ஒரு கூடுதல் புரோகிராம் போட்டாலே புதர்ல பழம் இருக்கான்னு நேராக் கேட்டுடலாமே, எதுக்கு நியூரல் நெட்வொர்க்?"ன்னாரு. தெரியும் சார். ஆர்வக்கோளாறு சார்.)

தம்பியைச் சமாதானம் பண்ணினது ஒரு பழைய ஆராய்ச்சி. டீப்மைண்ட் கம்பெனி அடாரி கேம்களைத் திரையைப் பார்த்தே விளையாட ஒரு நெட்வொர்க்குக்குக் கத்துக் குடுத்தாங்க. 2015-ல 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு, 49 கேம். அதுக்குப் படத்தை அப்படியே குடுக்கல. 84-க்கு 84 புள்ளியாச் சுருக்கி, நிறத்தை எடுத்துட்டு, வெறும் சாம்பலாத்தான் குடுத்தாங்க. அப்படியும் பாதிக்கு மேல கேம்கள்ல கைதேர்ந்த மனுஷன் லெவலுக்குப் பக்கத்துல வந்துடுச்சு.

"அதுக்கும் கலர் தெரியாதா?"ன்னான் தம்பி.

"தெரியாது."

"நம்மாளு"ன்னான். அன்னிக்குத்தான் மறுபடி பேச ஆரம்பிச்சோம். (மான்டசூமாஸ் ரிவெஞ்ச்ங்கற கேம்ல அது எடுத்த மார்க் பூஜ்யம்ங்கறதைச் சொல்லல.)

இப்போ கேம்ல இலையுதிர்காலம் வந்திருக்கு. 8-ம் தேதில இருந்து 11-ம் தேதி வரைக்கும் அதே புதர்கள்ல பிளாக்பெர்ரி காய்க்கும். என் மாடலுக்கு அது என்ன பழம்னே தெரியாது. சரின்னு மூணு ராத்திரி உட்கார்ந்து 140 படத்துக்குப் பெட்டி போட்டு, பயிற்சி குடுத்து, அம்மாகிட்ட இன்னொரு தடவை கெஞ்சி "இங்கயும் இருக்கு பாரு"ன்னு புது ரெக்கார்டிங் வாங்கி, வெள்ளிக்கிழமை பெருமையாக் கொண்டு போனேன்.

தம்பி ஏற்கெனவே பையில ஐம்பது பழம் வச்சிருந்தான்.

"எப்படிடா?"

"இது கறுப்பா இருக்குதுல்லக்கா. புதரு மஞ்சளா இருக்கு. எனக்கே தெரியுது."

140 படம்ங்க.

"பரவால்ல, போட்டு விடு"ன்னான். போட்டு விட்டேன். ஹெட்போன் ஜாக் சரியாச் சொருகாம, ஸ்பீக்கர்ல சத்தமா வந்துடுச்சு. அடுப்படியில இருந்து அம்மா, "யாருடி என் குரல்ல பேசறது?"ன்னு கரண்டியோட வந்து நின்னாங்க.